நடுவில் ஒட்டுப் போட்ட கேபிள்

"13.7.2024, சனி. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. கேபிள் நடுவில் புகைந்தது. பஸ்ஸில் திருப்பதி. மிஷின் பாதி நேரம்தான் கிடைத்தது. தம்பியோடு பேச்சு இல்லை."

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்த குறிப்பு இது. வேலையில் இருந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. மழை பெய்த நாள், கரண்ட் போன நாள், ஏரி நிரம்பிய நாள் என்று எல்லாமே அந்தத் தாள்களின் பின்னால்தான் இருக்கும். புத்தூரில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தேதி இல்லாத ஒன்றை நம்ப எனக்கு வராது. ஆனால் காலண்டர் தாளின் முதுகில் கோபத்துக்கு இடம் பத்தாது. ஆறிய பிறகு விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்று அன்று விட்டுவிட்டேன். இன்னும் ஆறவில்லை. ஆறாமலேயே எழுதுகிறேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எங்களுடையது காலை முதல் ஷிஃப்ட். குறித்த நேரத்துக்குள் படுக்கையில் இல்லையென்றால் மிஷின் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அதை நான் குறை சொல்லமாட்டேன். மிஷின் குறைவு, ஆள் அதிகம். ஆனால் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுக்க முடியாது. அதிலும் சனிக்கிழமை தவறினால் செவ்வாய் வரை வேறு வழியில்லை. வாரத்தில் நான் பயப்படும் நாள் சனிதான்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது. 2022-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது எங்கள் வீடு திருப்பதி மாவட்டத்துக்குப் போனது, என் தம்பி பயிர் செய்யும் நிலம் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரை. கணவருக்கு முடியாமல் போனதிலிருந்து எங்கள் பங்கு நிலத்தையும் தம்பிதான் உழுகிறான். எங்களிடம் பழைய டீசல் கார் ஒன்று இருக்கிறது. ஓட்டுவது நான். இந்த விஷயத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில், ஒரு வண்டியின் பேட்டரியால் இன்னொன்றை ஸ்டார்ட் செய்யும் அந்தக் கேபிளை ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

2024 ஏப்ரல் 25, வியாழன். டயாலிசிஸ் முடிந்து கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காரில் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம்தான் வந்தது. நடுப்பகல். சித்திரை வெயில். டயாலிசிஸ் முடிந்து வருபவருக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். கண்ணாடியை இறக்கிவிட்டுவிட்டு உதவிக்கு ஓடினேன்.

தடாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்த ஒரு டாக்ஸிக்காரரிடம் கேபிள் இருந்தது. நல்ல மனுஷர், கேட்டதும் எடுத்து வந்தார். இரண்டு பேட்டரியையும் இணைக்க அவர் வண்டி என் வண்டியின் மூக்குக்கு நேராக வர வேண்டும். பார்க்கிங் ஆள் விசில் ஊதிக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், எதிர்ல நிறுத்தக் கூடாது. வழி மறிக்கும்."

"உள்ள ஒருத்தர் வெயில்ல உக்காந்துக்கினு கீறாரு. அஞ்சு நிமிஷம்."

"எல்லாரும் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்றாங்க."

டாக்ஸியைப் பக்கத்து இடத்தில் விட்டால் கேபிள் எட்டவில்லை. கடைசியில் டாக்ஸிக்காரரும் நானும் என் காரைக் கணவரோடு சேர்த்துத் தள்ளி, கோணலாக நிறுத்தி, கேபிளை இழுத்து மாட்டினோம். அதற்குப் பிறகும் டிக் டிக்தான். கேபிளைத் தொட்டேன், கை சுட்டது. இன்னொரு வண்டிக்காரர் வேறு கேபிள் கொண்டு வந்தார். அது தடிமனான, கனமான, அழுக்கான கேபிள். மாட்டியதும் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. அதே பேட்டரிதான், அதே டாக்ஸிதான். மாறியது கேபிள் மட்டும்.

பேட்டரியைப் பார்த்த மெக்கானிக், "இன்னும் தீபாவளி வரைக்கும் தாங்கும்மா" என்றார். சரி, அதுவரை கையில் ஒரு நல்ல கேபிள் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிப்பது என் வழக்கம். இரண்டு ராத்திரி படித்தேன். அடுத்த சனிக்கிழமை, கணவர் மிஷினில் படுத்திருந்த நேரத்தில், திருப்பதியில் கார் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பளபளப்பான ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். "ஆயிரம் ஆம்ப் மேடம். லாரியே ஸ்டார்ட் ஆவும்."

"உள்ள கம்பி எவ்ளோ பருமன்?"

"பாக்கெட் மேல போட்டிருக்கு பாருங்க. ஆயிரம்."

"மேல போட்டத படிச்சிட்டேன். உள்ள கீறத காட்டுங்க."

அவர் என்னைத் தாண்டிக் கடை வாசலைப் பார்த்தார். "சார் வரலியா? சார்கிட்ட சொன்னா புரிஞ்சிக்குவாரு."

"சார் ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறாரு. வண்டி ஓட்றது நானு. எனக்கு சொல்லுங்க, புரியும்."

கேபிள் நுனியில் பேட்டரியைக் கவ்வும் பிடியின் மேல் இருந்த சிவப்பு உறையைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். கட்டை விரல் பருமனுக்கு ரப்பர், அதற்கு நடுவில் ஊதுவத்தி அளவுக்குக் கம்பி. கம்பியைப் பிடியில் பற்றவைக்கவில்லை, மடித்துச் செருகியிருந்தார்கள். பிடியின் இரண்டு தாடையில் ஒன்றுக்கு மட்டும்தான் கம்பி போயிருந்தது. மற்ற தாடை வெறும் அலங்காரம். வீட்டுச் சாவியால் கம்பியைச் சுரண்டினேன். மேலே தாமிர நிறம், உள்ளே வெள்ளை.

"அலுமினியம்."

"இப்ப எல்லாமே அப்படித்தான் வருது மேடம். ஏம் காது."

ஏம் காது என்றால் தெலுங்கில் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் சண்டையில்லாமல் பொதுவில் வைத்துக்கொண்டிருக்கும் வார்த்தை அது. பாலம் விரிசல் விட்டால் ஏம் காது. மாத்திரை தேதி முடிந்திருந்தால் ஏம் காது. அதைச் சொல்கிறவருக்கு ஒருபோதும் ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆவது மற்றவர்களுக்கு. பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சாலையில் அடுத்தடுத்து இருந்த கடைகளிலும் இதே சரக்கு. ஒரு கடையில் ஆயிரம், இன்னொன்றில் ஆயிரத்து ஐநூறு. உள்ளே அதே ஊதுவத்தி. எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து வாய்க்கு வந்த எண்ணை அச்சடித்து அனுப்புகிறான். நாம் அதை நம்பி வண்டியில் வைத்துக்கொண்டு, காப்பாற்றும் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். என்றைக்குத் தேவையோ அன்றைக்குத்தான் அது பொய் என்று தெரியும். அதற்கு முன் தெரியவே வாய்ப்பில்லை. இந்த வகைப் பொய்யின் மேல் எனக்குத் தனி வெறுப்பு உண்டு.

மே 6, திங்கள். என் பென்ஷன் விஷயமாகச் சித்தூருக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும், வெல்டிங் சாமான் விற்கும் ஒரு கடையைத் தேடிப் பிடித்தேன். வெல்டிங் மிஷினுக்குப் போடும் கேபிள்தான் இதற்கும் சரி என்று படித்திருந்தேன். சுத்தமான தாமிரம், முடி மாதிரி மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில், மடித்தாலும் உடையாது. டீசல் வண்டி ஸ்டார்ட் ஆக இழுக்கிற கரண்டுக்கு இந்தப் பருமன் வேண்டும். கடைக்காரர் செல்ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எத்தன மீட்டர்?"

"நாலு நாலா ரெண்டு."

"காருக்குத்தானே? ரெண்டு மீட்டர் போதும்."

"நாலு."

ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வெயிலில் காரைத் தள்ளியது நான்தானே, அவர் இல்லையே. நாலு மீட்டர் இருந்தால் பக்கத்தில் நின்றாலும் எட்டும், பின்னால் நின்றாலும் எட்டும். இரண்டு தாடையும் தாமிரப் பின்னலால் இணைந்த பிடிகளை நானே பொறுக்கி எடுத்தேன். பிரஸ்ஸில் வைத்து இறுக்கச் சொன்னேன், அதன் மேல் ஈயம் வைக்கச் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை, ஆர்வமும் காட்டவில்லை. இரண்டு கேபிளும் கறுப்பு நிறம். ஒன்றின் இரண்டு நுனியிலும் நான் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் தேர்தல். வழியில் செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். பணக்கட்டைத் தேடிய போலீஸ்காரர் பையிலிருந்து கேபிளை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் இழுக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். என் வயதையும் கண்ணாடியையும் பார்த்த பிறகும் அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் டிராக்டரை வீட்டுக்கு வரச் சொல்லிச் சோதனை செய்தேன். என் கார் பேட்டரியின் வயரைக் கழற்றிவிட்டு, டிராக்டர் பேட்டரியிலிருந்தே காரை எழுப்பினேன். முதல் திருப்பில் பிடித்தது. கேபிள் சுடக்கூட இல்லை. தம்பி கேபிளைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தான்.

"அடேங்கப்பா. இன்னா தாமிரம்க்கா இது! இத்தப் போயி டிக்கில சும்மா வெச்சிக்கினு சுத்தப் போறியா?"

"சும்மா இருக்கத்தான் வாங்கினேன்."

"நம்ம வண்டிக்குக் கூட இப்படி ஒயர் இல்ல மாமா, பாரு" என்று கட்டிலில் இருந்த என் கணவரிடம் காட்டினான். அவர் சிரித்தார்.

ஜூலை 12, வெள்ளி. காளஹஸ்தியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். உறவினர்களின் வேனில் விடியற்காலை கிளம்பிப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பினேன். கணவர் வீட்டில் இருந்தார். வாசலில் கார் நின்றிருந்தது. மறுநாள் சனிக்கிழமை என்பதால் பையை எடுத்து வைத்தேன்: போர்வை, ரிப்போர்ட் ஃபைல், அவருக்கு இட்லி, எனக்கு ஒரு புத்தகம். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்ற ஒரு காரணமும் இல்லை.

சனிக்கிழமை விடியலில் அவரை முன் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். டிக். விளக்குகூட எரியவில்லை. இறங்கிப் பின்னால் போனால் டிக்கி முழுதாக மூடவில்லை. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே இருக்கும் சின்ன விளக்கு எத்தனை நேரமாக எரிந்துகொண்டிருந்ததோ, வயதான பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. நான் திறக்கவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். யோசிக்க நேரம் இல்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை, எங்கள் வாசலிலிருந்து தெரு மேடாக ஏறும். ஆனாலும் எனக்குப் பதற்றம் இல்லை. இந்த நாளுக்காகத்தானே அந்தக் கேபிள்.

பால் வேன் அந்நேரத்துக்கு எங்கள் தெருவுக்கு வரும். டிரைவரைக் கைகாட்டி நிறுத்தினேன்.

"லைப்ரரியம்மா, சீக்கிரம். பால் கெட்டுப் போவும்."

"ரெண்டு நிமிஷம்தான் நைனா."

சிவப்பு டேப் போட்டதை பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும் மாட்டினேன். மற்றதை அவருடைய மைனஸிலிருந்து என் எஞ்சின் உடம்பில், பேட்டரிக்குத் தள்ளி, வெறும் இரும்பில். எல்லாம் படித்தபடி, சோதித்தபடி. அவர் வேனைக் கொஞ்சம் முறுக்கினார். சாவியைத் திருப்பினேன்.

டிக் டிக்.

மறுபடியும் திருப்பினேன். எரிந்த ரப்பர் நாற்றம் வந்தது. எஞ்சினிலிருந்து என்று நினைத்தேன். டிரைவர்தான் கத்தினார், "அம்மா, ஒயரு! ஒயரு!" இரண்டு வண்டிக்கும் நடுவில், தரையில் கிடந்த கேபிளின் மத்தியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பிடியில் இல்லை, நுனியில் இல்லை, நட்ட நடுவில். பிடுங்கி எறிந்தேன்.

டிரைவர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது. இதுல ஒட்டு கீது."

கறுப்புக் கேபிளில் கறுப்பு டேப். சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. உருகிய டேப்பைப் பிரித்தேன். அதற்குக் கீழே சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றியிருந்தது. அதற்கும் கீழே, என் கேபிளின் முடி முடியான தாமிரத்தை முறுக்கி, போர்வெல் மோட்டாருக்குப் போடும் தட்டை ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஒரு மீட்டருக்கு மேல் அந்த ஒயர்தான். மற்ற கேபிளையும் தடவிப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் ஒட்டு.

அந்தக் கட்டு யாருடையது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் டியூபைக் கோணலாக நறுக்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறச் சுற்றுவது நைனாவின், எங்கள் அப்பாவின், கைப்பழக்கம். அதைத் தம்பி எடுத்துக்கொண்டான். தண்ணீர்க் குழாய், ஏர்க்கயிறு, மோட்டார் ஒயர், செருப்பு என்று எங்கள் வீட்டில் ஒட்டுப் போடாத பொருள் இருந்ததில்லை. ஒட்டுப் போட்டதை இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். அறவில்லையென்றால் வேலை முடிந்தது. எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே பரீட்சை அதுதான்.

ஃபோன் போட்டேன். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

"எங்க கீற?"

"நெலத்துலக்கா. ஈரம் காயறதுக்குள்ள ஓட்டிக்கினு கீறேன். இன்னா?"

"கேபிள வெட்டினியா?"

சத்தம் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டான். "அக்கா, அது... டிராக்டர் பேட்டரி ஒயரு ரெண்டும் எரிஞ்சி பூட்ச்சி. நேத்து. மழ பெஞ்சி ஈரம் கீது, நகரியில கட மூடிக்கினு கீது. அதான். நீளம் கொறையலியே அக்கா. அளந்துதான் ஒட்டு போட்டேன்."

நீளம் குறையவில்லையாம். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. முன் சீட்டில் இருந்த கணவர் கண்ணாடிக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி நிலத்திலிருந்து வந்து சேர எப்படியும் அரை மணி ஆகும். புத்தூரில் தெரிந்த இரண்டு டாக்ஸிக்கும் ஃபோன் போட்டேன், இரண்டும் வெளியே. பால் வேன் டிரைவர் முன் கதவைத் திறந்துவிட்டார். கணவர் முன்னால், நான் பின்னால் கேன்களுக்கு நடுவில். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவரால் முடியாது, பால் காத்திருக்காது.

பஸ் நிறைய மலைக்குப் போகிற கூட்டம். கோவிந்தா கோவிந்தா என்று ஒரு குடும்பம் முன்னால் இரண்டு வரிசையைப் பிடித்திருந்தது. என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் எடம் குடுங்க, டயாலிசிஸ் பேஷண்ட்" என்று நான் சொன்னதைக் கேட்டு ஒருவர், "நாங்களும் விடியக் காலைலேருந்து வந்துக்கினு கீறோம்மா" என்றார். வடமாலப்பேட்டை தாண்டியதும் கண்டக்டர் தன் சீட்டைக் கொடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லியிருந்தா கொஞ்சம் நேரம் புடிச்சி வெச்சிருப்பேனே அம்மா" என்றார். கேன்களுக்கு நடுவிலும் பஸ்ஸிலும் எனக்கு அது தோன்றவில்லை. தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் ஒரு மிஷின் கிடைத்தது. முழு நேரம் இல்லை, பாதி. அதற்கே அவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை. அந்தக் கும்பிடும் என் கோபத்தின் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது.

திரும்பி வர ஒரு கார் பிடித்தோம். சாயங்காலம் தம்பி வந்தான். டிராக்டரை ஏரிக்கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். அதைக் கொண்டுவந்தால் நான் என்ன செய்வேன் என்று பயந்திருக்க வேண்டும். வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"அக்கா, நான் இழுத்துப் பாத்தேன். ரெண்டு கையால. அறுந்துக்கல."

"அது இன்னா கெணத்துக் கயிறா, இழுத்துப் பாக்க?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒயரு ஒயருதானேன்னு..."

"தெரியலன்னா கேக்கணும். நாலு மீட்டருக்கும் ஒரே பருமன் வேணும்னு அலைஞ்சி திரிஞ்சி வாங்கினேன். நடுவுல ஊசி மாதிரி ஒண்ணத் திணிச்சா, மீதி எவ்ளோ தடியா இருந்து இன்னா? டிக்கியக்கூட மூடத் துப்பில்ல உனக்கு. நீ ஒயர எடுத்த, வெளக்கு பேட்டரிய எடுத்துக்கிச்சி."

டிக்கி விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது. முகம் மாறியது. பிறகு, அடிபட்டவன் திருப்பி அடிப்பது போல, "உன் காணிக்கும் சேத்துதான்க்கா ஓட்னேன். நான் துன்றதுக்கு மட்டுமா?" என்றான்.

"ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே."

"போட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான்."

அதான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். கேட்டால் கிடைக்காது, அதனால் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தது தெரியக்கூடாது, அதனால் அளந்து ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, நான் சுருட்டியிருந்த மாதிரியே சுருட்டிப் பையில் வைத்தான். திருப்பதிக் கடைக்காரன் ரப்பரால் மறைத்ததை என் தம்பி சைக்கிள் டியூபால் மறைத்தான். கடைக்காரனிடம் நான் உறையைத் தள்ளிப் பார்த்தேன். வீட்டுக்குள் யார் உறையைத் தள்ளிப் பார்ப்பார்கள்?

அப்போதுதான் அவன் சொன்னான். "நான் ஒண்ணியும் திருடிக்கினு போவல. மாமாவ கேட்டேன். எடுத்துக்கடான்னாரு."

உள்ளே கட்டிலில் கணவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் பேசுவது அங்கே கேட்கும். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டானா உங்கள?"

"வந்தான். தண்ணி குடிச்சான். போனான்."

"கேபிள எடுத்துக்கச் சொன்னீங்களா?"

"எனக்கு மூச்சு வாங்குது. அப்பறம் பேசலாம்."

உண்மையாகவே மூச்சு வாங்கியது. ஞாயிறும் திங்களும் அவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழித்தார். பாதம் வீங்கிச் செருப்பு போட முடியவில்லை. தண்ணீரை மூடியில் அளந்து கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை முழு நேரம் மிஷினில் இருந்து இறங்கிய பிறகுதான் அவர் முகம் அவருடைய முகமாக ஆனது. அதற்கு முந்தைய நாளே, அக்கம்பக்கத்தில் ஒருவரை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, நான் பஸ்ஸில் சித்தூர் போய் அதே கடையில் அதே கேபிளை அதே நீளத்துக்கு வாங்கி வந்தேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. புதுப் பேட்டரியும் போட்டாகிவிட்டது. தீபாவளி வரை தாங்கும் என்ற மெக்கானிக்கிடம் அதற்குப் பிறகு போகவில்லை.

கேபிள் இப்போது டிக்கியில் இல்லை. என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை வெளியே எடுத்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை கையால் தடவிப் பார்க்கிறேன். பிளஸ்ஸும் மைனஸும் பார்ப்பதற்கு முன் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்காது. கேபிள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் யாராவது கேட்டால், பருமன், நீளம், தாமிரம், பிடி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக இதையும் சொல்கிறேன்: வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் நம்பாதீர்கள்.

தம்பி வெட்டி எடுத்த தாமிரம் டிராக்டரில்தான் இருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். துண்டு துண்டாக எனக்கு எதற்கு? அவன் கடலை போட்டான். எங்கள் காணியிலும் போட்டான். தெருவில் நின்ற டிராக்டரை எடுக்கும்போது ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பண்டிகைக்கு வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். எதிரில் உட்கார்ந்து பேசுவதில்லை.

கணவரிடம் அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "கேபிள்தானே, வுடு" என்றார். இரண்டாவது முறை ஏரிக்கரை வழியாகக் காரில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "கடல நல்லா வந்திருக்கு பாரு" என்றார். நான் காரை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். தன் உடம்பு ஒரு சனிக்கிழமையைத் தாண்டுவதற்கு இருந்த கேபிளை, என்னைக் கேட்காமல், ஒரு பருவத்து ஈரத்துக்காக எடுத்துக் கொடுத்தாரா? இல்லை, கொடுக்கவே இல்லாமல் என் தம்பியைக் காப்பாற்ற இப்படிப் பேசாமல் இருக்கிறாரா? இரண்டில் எதுவென்றாலும் எனக்குக் கோபம்தான். எதற்குக் கோபப்படுவது என்பதாவது தெரிய வேண்டாமா?

ஜூலை 12, 2024, வெள்ளிக்கிழமை, நான் காளஹஸ்தியில் இருந்தபோது, கேபிளை எடுத்துக்கொள்ளும்படி என் கணவர் சொன்னார் என்பது தம்பி ஒருவன் மட்டும் சொல்வது. கணவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு சாட்சி இல்லை. இதை எழுதும் இன்று வரை இது உறுதி செய்யப்படவில்லை.